சொட்டுத்தானே என்பார்க்கு...

வீடு மந்திரிக்க அழைக்கப்படும் குருவானவர்க்கு மட்டுமே வாய்க்கும் வசதி ஒன்று உண்டு. மற்ற விருந்தினர் கூடத்தைத் தாண்டுவதில்லை. குருவோ தீர்த்தத்துடன் அடுக்களை, படுக்கையறை, குளியலறை, பின்கட்டு, சில இல்லங்களில் மொட்டைமாடி வரைக்கும் அழைத்துச் செல்லப்படுகிறார். தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த புறநகர்களையும் சேர்ந்த எத்தனையோ இல்லங்களின் உள்ளறைகளை நாம் இவ்வாறு கண்டிருக்கிறோம். புதுவர்ணத்தின் அடியில் உப்புப் பூத்த சுவர், திருஇருதய ஆண்டவர் படத்தின் பின்புறம் படரும் ஈரம், குளியலறைக் குழாயின்கீழ் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி! இம்மூன்றில் ஒன்றேனும் இல்லாத வீடு அரிது. குழாய் ஒழுகுகிறதே என்று கேட்டால், வீட்டுக்காரர் புன்னகையோடு கூறும் விடையும் பெரும்பாலும் ஒன்றுதான்: “சொட்டுத்தானே ஃபாதர், வாளி வச்சிருக்கோம்!”

அந்த வாளியைச் சற்று உற்றுநோக்குவோம். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய், ஒரு நாளில் ஏறக்குறைய 30 லிட்டர் நீரை இழக்கிறது. ஓராண்டில் அது 11,000 லிட்டர் அளவுக்கு வந்துவிடும். கோடையில் நாம் காத்திருந்து, கெஞ்சி, கேட்ட விலை கொடுத்து வாங்குகிறோமே, அந்தத் தனியார் தண்ணீர் லாரியின் பெரிய அளவு 12,000 லிட்டர். ஆண்டுக்கு ஒரு லாரித் தண்ணீர், ஒரேயொரு குழாயின் நுனியில்! இக்கணக்கை ஐயுறுவோர் ஒரு லிட்டர்ப் பாத்திரத்தைக் குழாயின்கீழ் வைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பார்களாக. ஐம்பது நிமிடங்களுக்குள் பாத்திரம் நிரம்பிவிட்டால் கணக்கு மெய்யே. வாளி வைத்திருப்போர் அந்நீரைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நள்ளிரவில் வாளி நிரம்பியபின் வழிந்தோடும் நீரை யார் பயன்படுத்துகிறார்கள்?

2019ஆம் ஆண்டின் கோடையை நம் பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் சுமந்த முதல் இரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஐம்பது பெட்டிகள், பெட்டி ஒன்றுக்கு 50,000 லிட்டர், ஆக 25 இலட்சம் லிட்டர். மாலையிட்டு வரவேற்கப்பட்ட இரயில் அது. இப்பொழுது வேறொரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 30 லிட்டர் வீதம் சொட்டும் குழாய்கள் 83,000 இருந்தால், அந்த இரயில் கொணர்ந்த நீர் முழுவதும் ஒரே நாளில் சாக்கடைக்குப் போய்விடும். 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலைப் பேரூராட்சிகளையும் ஒன்றிணைத்து உருவாக்கப்பட்ட நம் மாநகராட்சியின் எல்லைக்குள், 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படியே ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். இத்தனை பேர் வாழும் ஊரில் குழாய்களின் எண்ணிக்கை எவ்வளவு இருக்கும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

நிலத்தடியில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வாரும் உளர். நம் காலடியில் இருப்பது எத்தகைய நிலம்? புனித தோமையார் மலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகளின் கல்லை நிலநூலார் ‘சார்னகைட்’ என்று அழைக்கின்றனர். கல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்ட ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக்கு இப்பகுதிக் கல்லே கொண்டுசெல்லப்பட்டதால் வந்த பெயர் அது. வேதசாட்சியின் மலைக்கல், ஒரு வணிகரின் கல்லறைக்கல்லாகி, அவர் பெயரையே பெற்றுக்கொண்டது விந்தைதான்! நிற்க. இக்கல் மிகவும் இறுகியது. மணற்பாங்கான நிலத்தைப் போல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. மேலே மக்கிய படிவத்திலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். எனவேதான் ஒரு வீட்டின் ஆழ்துளைக் கிணற்றில் நீர் சுரக்க, அடுத்த வீட்டில் நூற்றுக்கணக்கான அடி தோண்டியும் புழுதி பறக்கிறது. இத்தகைய நிலத்தில் வாழ்வோர்க்குச் சொட்டும் ஒரு செல்வமே. ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின்பும் மீந்த துணுக்குகளைக் கூடைகளில் சேர்க்கப் பணித்த ஆண்டவரின் வழிவந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

குழாய் பழுதுபார்க்க முனைவோர் முதலில் தேடவேண்டியது ஸ்பானரை அன்று, வால்வை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து கீழிறங்கும் குழாயில், பெரும்பாலும் மொட்டைமாடியிலேயே, ஒரு கேட் வால்வு இருக்கும். சில வீடுகளில் குளியலறைக்கும் அடுக்களைக்கும் தனித்தனி வால்வுகள் இருக்கும். எது எதனை அடைக்கும் என்பது குடும்பத்தில் ஒருவர்க்கேனும் தெரிந்திருக்கவேண்டும். தலைவர் அலுவலகம் சென்றிருக்கும் வேளையில்தான் குழாய் உடையும் என்பது எழுதப்படாத விதி. ஆகவே இல்லத்தரசிக்கும் பிள்ளைகளுக்கும் அதனைக் காட்டிவைப்பது நன்று. நம் பகுதிக் கிணற்று நீரின் உப்பு, அசைக்கப்படாத வால்வை ஓராண்டில் கல்லாக்கிவிடும். மாதம் ஒருமுறை அதனை மூடித் திறந்துவைத்தால் ஆபத்தில் கைகொடுக்கும்.

திருகி மூடும் பழைய வகைக் குழாய் நுனியில் சொட்டினால், பத்தில் ஒன்பது பங்கு குற்றவாளி உள்ளிருக்கும் இரப்பர் வாஷரே. அதன் விலை ஒரு குவளைத் தேநீரின் விலைக்கும் குறைவு. வால்வை மூடி, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிடுக. கீழேயுள்ள வடிகால் துளையை ஒரு துணியால் அடைத்துவிடுக. இல்லையேல் சிறு திருகாணி அதனுள் விழுந்து, ஒரு வேலை இரண்டு வேலையாகும். கைப்பிடிக்குக் கீழுள்ள பெரிய நட்டின்மேல் துணியைச் சுற்றி, ஸ்பானரால் இடப்புறமாகத் திருப்பினால் தலைப்பகுதி முழுவதும் கழன்றுவரும். அதன் அடியில் தேய்ந்து, குழிந்து, சில வேளை பிய்ந்தே போன வாஷரைக் காணலாம். அதே அளவில் புதியதைப் பொருத்தி, கழற்றிய முறையிலேயே பூட்டவேண்டியதுதான். பழையதைக் கையில் எடுத்துச்சென்று கடைக்காரரிடம் காட்டி வாங்குவதே அறிவுடைமை. “அரை இஞ்சிக் குழாய்க்கு ஒரு வாஷர்” என்று வாய்மொழியாகக் கேட்டு வாங்கியோர் இருமுறை கடைக்கு நடந்திருக்கின்றனர்.

புது வாஷர் இட்டும் சொட்டு நிற்கவில்லையா? வாஷர் வந்து அமரும் பித்தளை இருக்கையை விரலால் தடவிப் பார்க்கவும். மணலும் உப்பும் அரித்து அது கரடுமுரடாகியிருந்தால் எத்தனை வாஷர் மாற்றினும் பயனில்லை. தேர்ந்த பிளம்பர் அதனைத் தேய்த்துச் சமன்செய்வார். அன்றேல் குழாயையே மாற்றிவிடலாம். நுனியில் சொட்டாமல் கைப்பிடியின் கழுத்தில் கசிந்தால் நோய் வேறு. அங்குள்ள சிறிய நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிடில் அதனைக் கழற்றி, தண்டைச் சுற்றிச் சிறிது டெஃப்லான் நாடாவைத் திணித்துப் பூட்டலாம். இப்போது பரவியுள்ள கால் சுற்றில் திறக்கும் குழாய்களில் வாஷர் கிடையாது. உள்ளே பீங்கான் தகடுகளுடன் கூடிய ஒரு கட்டு இருக்கும். அதனை முழுமையாகவே மாற்றவேண்டும்.

ஒரு விண்ணப்பம். சொட்டும் குழாயைப் பலங்கொண்ட மட்டும் திருகி மூடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த முரட்டுத்தனமே வாஷரை வெட்டுகிறது. இன்று நிற்கும் சொட்டு அடுத்த வாரம் தாரையாகும். குழாய் கேட்பது மருத்துவம், மல்யுத்தமன்று!

ஓசையின்றி ஒழுகும் திருடன் ஒருவன் உண்டு. கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டியே அவன். அங்குக் கசியும் நீர் பீங்கானின் சுவரோடு வழிந்து போவதால் கண்ணுக்கும் காதுக்கும் புலப்படாது. வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தைச் சிறிது தொட்டியில் கலந்து, கால் மணி நேரம் எவரும் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். கீழே பீங்கானில் நீலம் தெரிந்தால் தொட்டியின் அடியடைப்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். தொட்டிக்குள் உள்ள வழிகுழாயில் நீர் விழுந்துகொண்டிருந்தால், மிதவையைச் சற்றுத் தாழ்த்திவைத்தால் போதும். நாம் அறிந்த ஒரு முதியவர், மாதந்தோறும் ஏறிவந்த மோட்டார் மின்கட்டணத்திற்கு மின்வாரியத்தைச் சபித்துக்கொண்டிருந்தார். பின்னர் நீலம் உண்மையைச் சொல்லிற்று.

மாடித் தொட்டி நிரம்பி, வழிகுழாய் வழியே தெருவில் அருவியாய்க் கொட்டும் காட்சியைக் காலைத் திருப்பலிக்குச் செல்வோர் நாள்தோறும் காண்கிறார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்வோர்க்கென்றே தானாக நிறுத்தும் கருவிகள் வந்துவிட்டன. அவை வாங்க இயலாதோர் அடுக்களைக் கடிகாரத்தில் நிரம்பும் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டால் போதுமானது. அதே தெருமுனையில் குடத்தோடு ஒரு பெண்மணி நின்றிருக்கக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்க. பாதுகாப்பான குடிநீர் மனிதர் அனைவரின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலில் எழுதியது நம் தெருமுனைக்கும் பொருந்தும்.

சுவரில் ஈரம் தோன்றினால் உடனே சுவரை இடித்துவிட வேண்டாம். முதலில் இது குழாயின் நீரா, மழையின் நீரா என்று அறிக. இரவு படுக்கும்முன் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்து, விடியலில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. வால்வை மூடி மறுநாளும் பார்த்து, மட்டம் இறங்காவிடில் ஒழுக்கு வால்வுக்குக் கீழே, சுவருக்குள். அப்போதும் இறங்கினால் தொட்டியிலோ வால்விலோ குறை. இச்சோதனைக்குச் செலவேதும் இல்லை. ஆனால் ஈரச்சுவரில் மின்விசை இருக்குமாயின் சோதனைகளை விடுத்து, முதன்மை மின்விசையை அணைத்து, மின்பணியாளரை அழைப்பதே முறை. மழைக்காலத்தில் மட்டும் தோன்றும் ஈரத்திற்குக் காரணம் பெரும்பாலும் மாடியே. தட்டோட்டின் இடைவெளிகளை வெயில் காயும் பங்குனி சித்திரையிலேயே அடைத்துவிடவேண்டும். ஐப்பசி மழைக்குமுன் வடிகால் வாயிலிருக்கும் வேப்பஞ்சருகையேனும் அகற்றவேண்டும்.

தம்மால் ஆகாததைத் தொழில் அறிந்தவரிடம் விடுவதே சரி. சுவருக்குள் புதைந்த குழாய், சுடுநீர்க் கலம், மோட்டார் ஆகியன அத்தகையவை. ஒடிசா மாநிலத்துக் கேந்திரபாடா மாவட்டம் இந்திய நகரங்கள் பலவற்றுக்கும் பிளம்பர்களை அனுப்பிப் பெயர்பெற்றது. ஊரைவிட்டு வந்து பிறர் வீட்டுக் கழிவறையில் குனிந்து வேலை செய்பவரோடு ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவது நமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. துணிக்கடையில் பேசாத பேரத்தை இவரிடம் ஏன் பேசுகிறோம்? மற்றொரு கருத்து. தனித்து வாழும் முதியோரும் கைம்பெண்களும் வாஷர் மாற்றும் சிறு வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். ஒவ்வோர் அன்பியத்திலும் ஒரு ஸ்பானரும் ஒரு பை வாஷரும், ஞாயிறன்று ஒரு மணி நேரம் தரக்கூடிய இரு இளைஞரும் இருந்தால் அக்குறை தீரும்.

இதுவரை கூறியவை பணமும் நீரும் வீணாவது பற்றியன. இதனினும் பெரியது ஒன்றுண்டு. ஓட்டைக் குழாய் நீரை வெளியே விடுவதோடு நிற்பதில்லை. அழுக்கை உள்ளேயும் விடுகிறது.

நம் தெருக்குழாய்களில் நாள் முழுவதும் நீர் ஓடுவதில்லை. சில மணி நேரம் வரும், பின்னர் நிற்கும். வரும்போது உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் விரிசல் வழியே நீர் வெளியே கசிகிறது. நின்றபின்போ குழாய் வெறுமையாகி, வெளியே மண்ணில் தேங்கியிருக்கும் நீர் அதே விரிசல் வழியே உள்ளே நுழைகிறது. வெளியே இருப்பது சாக்கடையாயின் நுழைவதும் சாக்கடையே. மறுநாள் முதலில் வரும் தண்ணீர் அதனைக் கழுவிக்கொண்டு நம் குடத்தில் வந்து சேர்க்கிறது. தெருக்குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வழக்கம் இத்தீமையை இருமடங்காக்குகிறது. ஒரு வீட்டின் மோட்டார் உறிஞ்சும்போது தெரு முழுவதிலுமுள்ள விரிசல்கள் வாயைத் திறக்கின்றன. அது சட்டப்படியும் குற்றம். அண்டை வீட்டுக் குழந்தையின் வயிற்றை எண்ணினால் அதனைப் பாவம் என்றும் நாம் கூறத் தயங்கமாட்டோம்.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் பல்லாவரத்தை அடுத்த மலைமேடு பகுதியில் பலர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் தாக்குண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று மக்கள் முறையிட்டனர். அரசுத் தரப்பில் அது மறுக்கப்பட்டது. அவ்வழக்கைத் தீர்ப்பது நம் பணியன்று. ஆயின் அச்செய்தி படித்த நாளில் தம் வீட்டு வாயிலுக்குச் சென்று, தெருவிலிருந்து தம் வீட்டிற்குள் நுழையும் இணைப்புக் குழாய் எவ்வழியே வருகிறது என்று பார்த்தவர் எத்தனை பேர்? பல வீடுகளில் அது கழிவுநீர்க் கால்வாயைக் குறுக்கே கடந்தே வருகிறது. பழைய இரும்புக் குழாயாயின் கால்வாய்க்குள் மூழ்கிய பகுதி துருப்பிடித்து, விரலால் அழுத்தினால் உதிரும் நிலையில் இருக்கும். அப்பகுதியைக் கால்வாய்க்கு மேலாக உயர்த்தி, புதுக்குழாயிட்டு மாற்றுவது அரைநாள் வேலை. மாநகராட்சிக்கு முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்விக்கலாம். இக்கட்டுரையில் ஒன்றை மட்டுமே செய்ய நேரமுள்ளோர் இதனையே செய்க.

அடுத்தது தரையடித் தொட்டி, அதாவது சம்ப். 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் மாடிகளில் தஞ்சம் புகுந்தனர். வெள்ளம் வடிந்தபின் வீட்டைக் கழுவியவர்கள் பலர்; சம்ப்பைக் கழுவ எண்ணியோர் சிலரே. வெள்ளமில்லாத ஆண்டிலும் ஆபத்து உண்டு. நிலத்தடி நீர்மட்டம் உயரும் கார்த்திகை மாதத்தில், உள்வரும் குழாயை மூடிவைத்தும் சம்ப்பின் மட்டம் ஏறுமாயின், சுவரில் விரிசல் இருக்கிறது என்றே கொள்ளவேண்டும். பாதாளச் சாக்கடை வராத தெருக்களில், பத்தடி தொலைவில் இருப்பது நம்முடையதோ அண்டை வீட்டாருடையதோ ஆன கழிவுநீர்த் தொட்டி. ஏறிய மட்டம் எதனால் ஏறிற்று என்று சொல்லவும் வேண்டுமோ? அந்நீரைப் பயன்படுத்தாமல் நிறுத்தி, இறைத்து, உட்சுவரை உலரவிட்டு, நீர்தடுக்கும் கலவை சேர்த்த சிமெண்டால் பூசுவிக்கவேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த சம்ப்பினுள் எவரையும் திடுமென இறக்கக்கூடாது. மூடியை நன்கு திறந்துவைத்துக் காற்றோடச் செய்து, மேலே ஒருவர் துணைநிற்கும்போதுதான் இறங்கவேண்டும். மூச்சடைத்து உயிரிழந்த செய்திகளை நாளேடுகளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பூச்சு உலர்ந்து, கழுவி, புதுநீர் நிரப்பியபின் கிருமிநீக்கம் செய்யவேண்டும். நல்ல பிளீச்சிங் பவுடராயின் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி அளவு, போதும். அதனை நேரே தொட்டியில் கொட்டாமல், ஒரு வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, பின் வாளியை நிரப்பிப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குக. அடியில் தங்கும் சுண்ணாம்பை எறிந்துவிடலாம். ஒரு மணி நேரம் கழித்தே அந்நீரைப் புழங்கவேண்டும். குடிப்பதற்கு, கலங்கலாயின் வடிகட்டி, தளதளவெனக் கொதிக்கவிட்டு ஆறவைத்துக்கொள்வது மேலும் நன்று. பிளீச்சிங் பவுடர் திறந்துகிடந்தால் வீரியம் இழந்து வெறும் சுண்ணாம்பாகிவிடும். ஆகவே மீந்ததைக் காற்றுப் புகாத கலத்தில் மூடி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுக.